ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: காசநோய் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உருவாக்கும் செல், மாற்று சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டதா? அப்படியென்றால் இப்போதே டாக்டரிடம் காசநோய் பற்றிக் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் பலர் உடம்பில் அந்தக் கிருமி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும், இந்த சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி விழுந்ததும் எழுந்துவிடும். அடுத்தவர் செல்லைப் பெறுபவர்களுக்கு, அதிலும் ஒவ்வாமல் போய் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, ஆபத்து அதிகம். தன் செல்லையே திரும்பப் பெறுபவர்களுக்குக் குறைவு.

முன்பு டிபி மருந்து சாப்பிட்டிருந்தாலும், வீட்டில் யாருக்காவது வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ தோல் டெஸ்ட், இக்ரா ரத்தப் பரிசோதனை இரண்டும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் தப்பாக நெகட்டிவ் காட்டலாம், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தேவைப்பட்டால் ஐசோநியசிட் மாதிரி தடுப்பு மருந்து தருவார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால், எடை குறைந்தால், இரவில் வியர்த்தால், இருமலே இல்லாவிட்டாலும் உடனே போங்கள், ஏனென்றால் நுரையீரலுக்கு வெளியேயும் டிபி வரும். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தை எழுதினால் மாற்று சிகிச்சை டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அது சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்.

பிசிஜி என்ற டிபி தடுப்பூசி இவர்களுக்கு ஆகாது, அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசல், மின்சார ரயில் கூட்டம் எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். வீட்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமுகிற உறவினர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் டிபி பரிசோதனையும் மருந்தும் இலவசம்தான்.