பழைய மினி காரில் ஸ்டெடி பார் புஷ் மாற்றும் முறை

கிளட்சை விடும்போது கார் குலுங்கிக் குலுங்கிக் கிளம்புகிறதா? ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் முன்பக்கம் 'டொக்' என்கிறதா? பழைய மினியில் இப்படி இருந்தால் கிளட்ச் பிளேட்டுக்குச் செலவழிக்கும் முன் ஸ்டெடி பார் புஷ்ஷை, அதாவது எஞ்சின் ஆட்டத்தைப் பிடிக்கும் கம்பியின் முனையில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

1959-இல் வந்த மினியில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில், ஆயில் தேங்கும் சம்பிலேயே அமைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். இரண்டும் ஒரே கட்டாக இரண்டு பக்க மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மவுண்டிங் எடையைத் தாங்கும். ஆனால் சக்கரத்துக்கு இழுவை போகும்போதெல்லாம் மொத்தக் கட்டும் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது, எஞ்சின் பிளாக்கில் இருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டுக்கு) போகும் ஒரு சின்னக் கம்பி. அதுதான் ஸ்டெடி பார். அதன் இரு முனைக் கண்களிலும் இருக்கும் புஷ் போய்விட்டால் ஆட்டமெல்லாம் சைலன்ஸர் குழாயில் இறங்கும். எஞ்சினில் இருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டோடு சேருமிடத்தில் கிளாம்ப் தளரும், குழாய் விரிசல் விடும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினின் மேல்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கம்பியின் கண் போல்ட்டைச் சுற்றி லொடலொடவென்று நகர்ந்தால் புஷ் முடிந்தது.

ஸ்பேனர் இன்ச் அளவில் வேண்டும். 1/2, 9/16 இரண்டும் கையில் இருக்கட்டும். 13 மி.மீ. ஸ்பேனர் 1/2 இன்ச் தலையில் ஏறிவிடும், ஆனால் அந்தத் தலை 12.7 மி.மீ.தான். துருப்பிடித்த போல்ட்டில் அந்தச் சின்ன இடைவெளியே மூலைகளை மழுங்கடித்துவிடும். முந்தின நாளே போல்ட்டுகளில் டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள்.

முதலில் பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். அப்புறம் ஏர் கிளீனரை எடுத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். பிளாக் பக்க போல்ட்டை உருவ, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) குறுக்கே நிற்கும். அதன் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸைப் பிரிக்காமல், ஒரு கம்பியால் ஓரமாகக் கட்டி வையுங்கள். அது வெளியே இருக்கும்வரை யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். இனி இரு முனை போல்ட்டுகளையும் கழற்றலாம். இறுக்கமாக இருந்தால், இன்னொருவர் எஞ்சினை லேசாகத் தள்ளிப் பிடிக்கட்டும். கையாலேயே உருவி வரும்.

கம்பியை வெளியே எடுத்து நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு அரைப் புஷ், நடுவில் ஒரு இரும்புக் குழல். ஸ்க்ரூடிரைவரால் பழைய ரப்பரை நெம்பி எடுத்து, கண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும். கண் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? போல்ட்டின் மேல் நகத்தை ஓட்டினால் படி போல தட்டுப்படுகிறதா? அப்படியானால் அவற்றையும் மாற்ற வேண்டும். ரப்பர் எண்ணெயில் ஊறிப் பிசுபிசுப்பாக வந்தால், எஞ்சின் மேல்மூடியான ராக்கர் கவரின் கேஸ்கெட் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கசிவை நிறுத்தாமல் புதுப் புஷ் போட்டால் அதுவும் சீக்கிரமே ஊறி வீணாகும்.

புதுப் புஷ் ரப்பரா, அதைவிடக் கடினமான பாலியூரித்தேனா? அடிக்கடி ஓட்டும் காருக்கு நான் பாலியூரித்தேன்தான் சொல்வேன். ஐடிலில் அதிர்வு கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் எண்ணெயைத் தாங்கும், நீடித்து உழைக்கும். மாட்டும்போது அதற்கு சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும், சாதாரண கிரீஸ் வேண்டாம்.

புஷ்ஷையும் குழலையும் பொருத்திய பின் பிளாக் முனையைத் தளர்வாக மாட்டிவிட்டு ஃபயர்வால் முனைக்கு வாருங்கள். துளை நேராக வரவில்லை என்றால் எஞ்சினைத்தான் அசைக்க வேண்டும், போல்ட்டைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. இரண்டும் கையால் மரையேறிய பிறகே இறுக்குங்கள். ஸ்லேவ் சிலிண்டர், ஏர் கிளீனர், பேட்டரி எர்த் எல்லாவற்றையும் திரும்ப மாட்டவும்.

பின்னாளில் வந்த மினிகளில் கியர்பாக்ஸில் இருந்து சப்ஃபிரேமுக்கு (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கு) கீழேயும் ஒரு ஸ்டெடி பார் உண்டு. அதன் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள். கீழது தேய்ந்தே கிடந்தால் சுமை முழுக்க மேலே உள்ள புதுப் புஷ்ஷில் விழும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். சில நாள் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அப்போதும் 'டொக்' கேட்டால், அடுத்து பார்க்க வேண்டியது இரு பக்க மவுண்டிங்.