டிஎன்ஏ அறுந்தால் செல்லுக்குள் என்ன நடக்கிறது? களிமண், சணல், குங்குமம் வைத்து ஒரு செய்முறை

காலேஜ் முதல் வருஷம் படிக்கும் அக்கா மகள் லீவுக்குத் திருவையாறு வந்திருந்தாள். "ஏன் சித்தி, டிஎன்ஏ அறுந்ததும் ஹிஸ்டோனை மாத்துற என்சைம் எல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்குதுன்னு போட்டிருக்கு. அதெல்லாம் எங்கேருந்து வருது?" என்றாள்.

அருமையான கேள்வி. ஹிஸ்டோன் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதம். அதை மாற்றும் என்சைம்களில் பெரும்பாலானவை எங்கிருந்தும் வருவதில்லை, ஏற்கெனவே செல்லுக்குள் இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது; மடையை யார் திறப்பது, எப்போது அடைப்பது என்பதுதான் விஷயம். அதைத் திண்ணையில் உட்கார்ந்து செய்தே பார்த்தோம்.

தேவையானவை: இரண்டு கை வாய்க்கால் களிமண் (காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள்), நாலு முழம் சணல், வைக்கோல் துரும்பு, குங்குமம், மஞ்சள், பூவரச இலை, புளியங்கொட்டை இரண்டு, கொஞ்சம் நூல், கத்தரிக்கோல்.

முதல் படி. எலுமிச்சை அளவில் ஆறு உருண்டை பிடியுங்கள். ஒவ்வொன்றும் எட்டு ஹிஸ்டோன் சேர்ந்த கட்டு: எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4, வகைக்கு இரண்டு. சணல்தான் டிஎன்ஏ. ஒரு உருண்டைக்கு ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி அடுத்ததற்குக் கொண்டுபோங்கள். நிஜத்தில் ஒரு கட்டைச் சுற்றியிருப்பது சுமார் 147 கார இணைகள், அதாவது டிஎன்ஏ ஏணியின் படிகள். உருண்டைகளில் துரும்புகளைச் செருகுங்கள். இவை ஹிஸ்டோனின் வால்கள். மூன்று உருண்டையில் மட்டும் ஒரு துரும்பு நீளமாக இருக்கட்டும். அது எச்2ஏஎக்ஸ், எச்2ஏ-வில் சிறுபான்மை வகை. நடுவில் உள்ள இரண்டு உருண்டைகளில் வேறொரு துரும்பில் மஞ்சள் தடவி, பூவரச இலையால் மூடுங்கள். மஞ்சள், எச்3 வாலில் இருக்கும் மெத்தில் குறி (மெத்தில், பின்னால் வரும் பாஸ்பேட், அசிட்டைல் எல்லாம் புரதத்தின்மேல் ஏறும் சின்ன வேதித் துணுக்குகள்). இலை, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எச்பி1 புரதம்.

இரண்டாம் படி. சணலை நடுவில் வெட்டுங்கள். எக்ஸ்-கதிர் இப்படி டிஎன்ஏவின் இரண்டு இழையையும் அறுத்துவிடும். (நடவு வயலில் நாள் முழுக்க நிற்பவர் தோலில் புற ஊதாக் கதிர் உண்டாக்கும் காயம் வேறு மாதிரி: டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இருந்தால் அவற்றை ஒட்டவைத்துவிடும்.)

மூன்றாம் படியில் நின்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு புளியங்கொட்டையை நூலால் சேர்த்துக் கட்டுங்கள். இது ஏடிஎம் என்சைம். சும்மா இருக்கும்போது ஜோடியாக, ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு இருக்கும். டிஎன்ஏ அறுந்ததும் தன்மேல் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு பிரியும். 2003-இல் தெரியவந்த விஷயம் இது. நூலை அவிழுங்கள். ஆனால் முழுதாக விழிக்க இன்னொரு தூண்டுதல் வேண்டும். இலையை எடுங்கள். மஞ்சள் வெளியே தெரிகிறதா? டிப்60 என்ற அசிட்டைல் ஏற்றும் என்சைம் அந்த மஞ்சளைப் பிடித்தால்தான் வேகம் எடுக்கும். எடுத்த வேகத்தில் ஏடிஎம்மின் மேலும் அசிட்டைல் ஏற்றும். அந்த மெத்தில் குறி புதிதாக வைத்ததல்ல, அறுபடுவதற்கு முன்பே அங்கே இருந்தது. மூடியிருந்த இலை விலகியதே சேதி. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் நின்றுவிடும்.

நான்காம் படி. விழித்த ஏடிஎம், எச்2ஏஎக்ஸ் வாலில் 139-ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் வைக்கும். குங்குமம்தான் அந்தப் பாஸ்பேட். வெட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, நீளத் துரும்புகளில் குங்குமம் வையுங்கள். குங்குமத்தின்மேல் எம்டிசி1 என்ற புரதம் உட்காரும். அது இன்னும் ஏடிஎம்மை இழுத்துவரும். பக்கத்து உருண்டைக்கும் குங்குமம் ஏறும். கொள்ளிடக் கரை உடைந்தால் கூப்பாடு ஆள் மாற்றி ஆள் அடுத்த ஊர்வரை போகுமே, அதேபோல் பத்து லட்சம் கார இணைகளைத் தாண்டியும் இது பரவும். இந்தப் பாஸ்பேட் குறியை 1998-இல் கண்டுபிடித்தார்கள். இன்றும் ஆய்வகங்களில் அறுந்த இடங்களை எண்ண இந்தக் குறிக்குத்தான் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் படி. ஆர்என்எஃப்8, அதன் பின்னால் ஆர்என்எஃப்168 என்ற என்சைம்கள் வந்து எச்2ஏ-வில் யூபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தைக் கட்டும். குங்குமம் உள்ள உருண்டைகளில் நூல் முடிச்சு போடுங்கள். பழுதுபார்ப்பை வழிநடத்தும் 53பிபி1 என்ற புரதம் உட்கார இந்த முடிச்சும் வேண்டும், எச்4-இல் உள்ள மெத்தில் குறியும் வேண்டும். அந்த மெத்தில்மேல் கேடிஎம்4ஏ என்ற என்சைம் இடம் பிடித்து வைத்திருக்கும். அதற்கும் யூபிக்விட்டின் கட்டி, சிதைக்க அனுப்பி, இடத்தைக் காலி செய்கிறது செல்.

ஆறாம் படி, அடைப்பது. அக்கா மகள் உற்சாகத்தில் ஆறு உருண்டையிலும் முடிச்சு போட்டுவிட்டாள். குங்குமம் இல்லாத மூன்றிலும் அவிழ்க்கச் சொன்னேன். ஆர்என்எஃப்168 அளவு மீறினால் இப்படித்தான் வேண்டாத இடத்திலும் முடிச்சு விழும். ட்ரிப்12, யூபிஆர்5 என்ற இரண்டு என்சைம்களும் அதைச் சிதைக்க வைத்து அளவோடு வைத்திருக்கின்றன. 2012-இல் அவை இரண்டையும் நீக்கிப் பார்த்தபோது குறிகள் காயத்தின் எல்லை தாண்டிப் பரவின.

கடைசியாக, சணலை முடிந்து குங்குமத்தைத் துடையுங்கள். செல்லில் பிபி2ஏ போன்ற பாஸ்படேஸ்கள் அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிடும். துரும்பில் ஏறிய குங்குமம் எவ்வளவு துடைத்தும் எங்களுக்குப் போகவில்லை. துரும்பையே உருவிவிட்டு வேறு செருகினாள் அவள். அதுவும் சரிதான். பழ ஈயில் டிப்60 உள்ள புரதக் கூட்டமைப்பு, குறி ஏறிய ஹிஸ்டோனையே கழற்றிக் குறியில்லாத ஒன்றை அந்த இடத்தில் வைக்கிறது.