கம்யூனிட்டி தொட்டியில் ஒரு மீன் மட்டும் எல்லாரையும் விரட்டினால் என்ன செய்வது

பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்கும் கம்யூனிட்டி தொட்டியில், வால் கிழிந்த மீன் ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது, தீனி போட்டாலும் வெளியே வரமாட்டேன் என்கிறது. யார் கடித்தது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சின்னதாக இன்னொரு தொட்டி இருந்தால் நல்லது, இல்லையென்றால் குஞ்சு பொரிக்கும் மீன்களுக்காகத் தொட்டிக்குள்ளேயே மாட்டும் வலைப்பெட்டி போதும், அதுவும் இல்லாத நேரத்தில் சோப்பு படாத சுத்தமான பிளாஸ்டிக் டப்பில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தேவைப்பட்டால் ஹீட்டரும் போட்டு வைக்கலாம். ஸ்பாஞ்சைப் புதிதாக வாங்கிப் போடாமல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதிலிருந்து எடுத்துப் போடுங்கள், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

கிழிந்த துடுப்பு, அடிப்பகுதி போகாமல் இருந்தால், சுத்தமான தண்ணீரில் தானாகவே வளர்ந்துவிடும். உடனே மருந்தைக் கொட்ட வேண்டியதில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், கிழிந்த ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தாலோ சிவந்துகொண்டே உள்ளே ஏறினாலோ அது தொற்று, அப்போது மருந்து வேண்டும். கடித்த காயம் வேறு மாதிரி இருக்கும், வாலில் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்தாற்போல் ஓரம் தெளிவாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், வெறும் அழுகல் நோய்க்காக இன்னொரு மீனைக் குற்றவாளியாக்கி வெளியேற்றியவர்கள் நிறையப் பேர். அதனால் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அமோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். தண்ணீர் கெட்டு ஒரு மீன் சோர்ந்துபோனால், மற்றவை அதைத்தான் முதலில் துரத்தும்.

சரி, இப்போது யார் என்று கண்டுபிடிக்கலாம். பெரிய மீன் மேல்தான் நமக்குச் சந்தேகம் வரும், ஆனால் பல தொட்டிகளில் கடிப்பது நடுத்தர அளவில் சுறுசுறுப்பாகத் திரியும் ஏதோ ஒன்று. கண்ணாடிக்கு அருகில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது, தீனி வருகிறது என்று எல்லாம் சண்டையை விட்டுவிட்டு முன்னால் வந்து நிற்கும். தள்ளி உட்காருங்கள், அல்லது போனை வீடியோவில் போட்டுத் தொட்டி முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விளக்கு போட்டதும், தீனி நேரத்திலும், விளக்கு அணைக்கும் முன்னும் பதிவு செய்து பாருங்கள், இந்த மூன்று வேளையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பார்க்கும்போது எப்படித் துரத்துகிறது என்பதைக் கவனியுங்கள், அதில்தான் விடை இருக்கிறது. வளர்ந்த ரெட் டெய்ல் ஷார்க் (பெயரில்தான் ஷார்க், உண்மையில் கெண்டை இனத்து மீன்) ஒன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். தன் மரக்கட்டை அடியிலிருந்து அம்பு போலக் கிளம்பி ஒரு பார்பைத் துரத்தும், தொட்டியின் பாதி தூரம் போனதும் ஏதோ கோடு போட்டதுபோல் சட்டென்று நின்று திரும்பிவிடும். அந்தக் கோடுதான் அதன் எல்லை. கோட்டைத் தாண்டிய பார்பை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அப்படி எல்லையில்லாமல், ஒரே ஒரு மீனை மட்டும் குறிவைத்து தொட்டி முழுக்க விரட்டுகிறதென்றால் அது ஆண்களுக்குள் யார் பெரியவன் என்ற போட்டி, அல்லது பெண்ணை விடாமல் தொந்தரவு செய்வது. பின்னாலிருந்து வந்து வாலை ஒரு கடி கடித்துவிட்டு ஓடிவிடுகிறதென்றால் அது துடுப்பு கொறிக்கும் பழக்கம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கொறிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதற்கான வழி பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா இரண்டும் கூட்டத்தில் வாழ்பவை, தங்களுக்குள்ளேயே மேலே கீழே என்று வரிசை வைத்துக்கொண்டு ஓயாமல் உரசிக்கொள்பவை. மூன்றே மூன்று டைகர் பார்ப் வாங்கி விட்டால் அந்த உரசலுக்கு ஆள் போதாமல் பக்கத்து மீன்களின் வாலைப் பிடித்துக்கொள்ளும். இடம் இருந்தால் எட்டு, பத்தாகக் கூட்டுங்கள், சண்டை பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி, கௌராமி மாதிரி நீளத் துடுப்போ மெதுவான நீச்சலோ உள்ளவை கூட இருந்தால் இந்த வழியை நம்பாதீர்கள். அசையும் நீளமான துடுப்பைப் பார்த்துவிட்டு டைகர் பார்ப் சும்மா இருக்காது, எத்தனை இருந்தாலும்.

கப்பி, மோலி, வாள்வால் மீன்களில் வேறு கதை. ஆண் அதிகமாகிவிட்டால் பெண் மீன் ஓய்வில்லாமல் துரத்தப்பட்டே சோர்ந்துபோகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள், கப்பி என்றால் ஆண்களை மட்டும் வளர்த்துவிடவும் செய்யலாம். அவ்வளவுதான்.

நேற்று வரை சாதுவாக இருந்த ஏஞ்சல் ஜோடி திடீரென்று எல்லா மீனையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டதா? அகலமான இலைகளையும், ஃபில்டர் குழாயையும், ஹீட்டரையும் உற்றுப் பாருங்கள், வரிசையாக முட்டை ஒட்டியிருக்கும். கிரிபென்சிஸ் என்ற சின்ன மீன் என்றால் முட்டை குகைக்குள் இருக்கும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும், ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு நீந்த ஆரம்பிக்கும், குஞ்சைக் காக்கும் வரை பெற்றோர் யாரையும் அண்டவிடாது. இதைக் குணக்கேடு என்று நினைக்காதீர்கள். தடுப்புப் பலகை போட்டுத் தொட்டியை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சு வேண்டாமென்றால் முட்டை ஒட்டிய இலையையோ கல்லையோ எடுத்துவிட்டாலே தணியும், ஆனால் நல்ல தீனியும் தண்ணீரும் இருந்தால் அடுத்த சில வாரங்களில் மறுபடி இடும்.

இனி எல்லைச் சண்டை. ரெட் டெய்ல் ஷார்க், ரெயின்போ ஷார்க், ஆண் கௌராமி, ஏஞ்சலும் கிரிபென்சிஸும் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன்களில் பெரும்பாலானவை எல்லாம் இதில் வரும். கையில் உள்ள வழிகளில் மிகவும் பலன் தருவது தொட்டியைக் கலைத்து அடுக்குவது. சண்டைக்கார மீனைப் பிடித்து ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்துவிட்டு, கல், மரக்கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். பெயருக்கு ஒரு கல்லை நகர்த்தினால் போதாது, பழைய தொட்டி என்று அது அடையாளம் காணக்கூடாது. அடுக்கும்போது ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி பார்வையை மறையுங்கள். நடுவில் உயரமான செடி, அதன் அருகில் நிமிர்த்திய கட்டை என்று வைத்தாலே துரத்தப்படும் மீன் ஒரு திருப்பத்தில் கண்ணிலிருந்து மறைந்துவிடும், மறைந்த மீனை அநேகமாகத் துரத்துவதில்லை. குகைகளுக்கு இரண்டு வாசல் இருக்கட்டும், ஒரே வாசல் என்றால் உள்ளே போன மீன் மாட்டிக்கொள்ளும். ஒளிய இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கே புதிதாகச் சண்டை வரும் என்பதால் மீன் எண்ணிக்கையைவிட அதிகமாகவே வையுங்கள்.

ஒரு வாரத்தில் மற்றவை தங்களுக்கு இடம் பிடித்துவிடும். அடிபட்ட மீன் தேறியிருந்தால் அதைத்தான் முதலில் திரும்ப விட வேண்டும், சண்டைக்காரன் கடைசியில். எல்லாருக்கும் வயிறார தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மாலையில் விடுங்கள். மறுநாள் காலை விளக்கு போட்டதும் அரை மணி நேரம் பாருங்கள். லேசாக முறைப்பதும் பக்கவாட்டில் துடுப்பை விரித்துக் காட்டுவதும் சகஜம். செதில் உதிர்ந்தாலோ, ஒரு மீன் மேல்மட்டத்து மூலையிலேயே தொங்கினாலோ திரும்பவும் எடுத்துவிட வேண்டியதுதான். தீனியைத் தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஒரே மீன் இரண்டு இடத்தையும் காவல் காக்க முடியாது. ஹீட்டர் தேவைக்கு மேல் 29, 30 டிகிரியில் ஓடினால் 25க்கு மெல்ல இறக்குங்கள், சூடு கூடினால் மீனின் வேகமும் வெறியும் கூடும்.

தொட்டி நிறைய மீன்களை அடைத்தால் சண்டை குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் எம்புனா சிக்லிட்களுக்கான உத்தி, பெரிய தொட்டி, பலமான ஃபில்டர், அடிக்கடி தண்ணீர் மாற்றம் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும். சாதாரணக் கம்யூனிட்டி தொட்டியில் முயன்றால் தண்ணீர்தான் கெடும்.

சில மீன்களுக்கு எந்த ஏற்பாடும் உதவாது. சைனீஸ் ஆல்கே ஈட்டர் குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும், வளர்ந்தபின் ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல் வழவழப்பை உறிஞ்சும். கான்விக்ட், ஆஸ்கர் என்ற சிக்லிட் இரண்டையும் சின்னஞ்சிறு நியான் டெட்ராவோடு வைத்தால் முடிவு நமக்கே தெரியும். இவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும், அல்லது அவற்றை வாங்கி வளர்க்க வேறு ஆள் வேண்டும். கொடுக்கும்போது ஏன் கொடுக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இதே கதை இன்னொரு தொட்டியில் நடக்கும். சிக்லிட் கூட்டத்தில் தலைவனை எடுத்தால் அடுத்த ஆண் அந்த இடத்துக்கு வந்துவிடுவதும் உண்டு, ஆகவே எடுத்த பிறகும் சில நாள் கண் வைத்திருங்கள். எக்காரணம் கொண்டும் குளத்திலோ ஆற்றிலோ கிணற்றிலோ விடாதீர்கள், பிழைத்தால் அங்குள்ள மீன்களைத் தின்று தீர்க்கும், நம் தொட்டி நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். எடுத்துக்கொள்ள யாராவது கிடைக்கும் வரை தொட்டிக்குள் ஒரு தடுப்பைப் போட்டு அதை ஒரு பக்கம் வைத்திருக்கலாம், தடுப்பில் தண்ணீர் போய்வரத் துளை இருக்க வேண்டும், மேலே மூடியும் இருக்க வேண்டும், தாண்டிக் குதித்துவிடும்.