சூம் பைனாக்குலர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலம் நெருங்கும்போது, எந்தப் பைனாக்குலரை வாங்கலாம் என்று கேட்போரின் தொகையும் கூடிவிடுகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் முடிவை எடுத்துவிட்டே கேட்கின்றனர். குறைந்த விலையில், உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சூம் பைனாக்குலர் ஒன்று. பக்கத்துச் சேற்றில் நிற்கும் கொக்குக்கு 10 மடங்கு, அக்கரையோரம் மிதக்கும் கூழைக்கடாவுக்கு 30 மடங்கு. ஒரே காசில் இரண்டு கருவிகள். கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆயினும் சூம் வசதிக்கான விலையில் ஒரு பங்கை மட்டுமே கடையில் செலுத்துகிறோம். மீதியை வெளிச்சத்திலும், பார்வைப் பரப்பிலும், கண்ணின் சுகத்திலும், கருவியின் ஆயுளிலும் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

பெட்டியில் 10–30×50 என்று அச்சிடப்பட்டிருந்தால், முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கத்தின் எல்லைகள். கடைசி எண், மில்லிமீற்றரில், முன்வில்லையின் விட்டம். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கருவியிலிருந்து வெளிவந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10 மடங்கில் அது 5 மில்லிமீற்றர். 30 மடங்கில் ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர். அகலம் மூன்றில் ஒன்றாகும்போது பரப்பு ஒன்பதில் ஒன்றாகிவிடும். நடுப்பகலில் நமது கண்மணியே இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருப்பதால் இந்த இழப்பு அவ்வளவாக உறைப்பதில்லை. பொழுது சாயும் வேளையில் கண்மணி விரிந்து, கிடைக்கும் ஒளியையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும்போது, 30 மடங்கில் வைத்த கருவி மெல்லிய கீற்றொன்றை மட்டுமே அனுப்புகிறது. பறவை பெரிதாகத் தெரியும், அதன் நிறம் தெரியாது. பறவைகள் மும்முரமாக இரை தேடுவதோ விடியலிலும் அந்தியிலும். ஆகவே, கடை வாசலில் நின்று, பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு பணத்தை எண்ணிக் கொடுப்பது, நான் அடிக்கடி காணும் தவறு. மாலை ஐந்தரைக்குப் பிறகு, மரநிழலில் இருக்கும் ஒன்றைப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

எண்களிலும் பொய் உண்டு. 100, 180 மடங்கு என்று எழுதப்பட்டுக் கைக்கு அடக்கமாக விற்கப்படும் கருவிகளைத் தொடவே வேண்டாம். அந்த உருப்பெருக்கத்துக்கு வேண்டிய முன்வில்லை கைக்குள் அடங்காது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மருமகன் எனக்குக் கொண்டுவந்த ஒன்றில் விட்டம் 60 என்று இருந்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தபோது 50 தான். கண்ணை வைக்கும் பார்வைத்துண்டுப் பக்கமாக ரோச் வெளிச்சத்தைச் செலுத்தி, முன்வில்லையில் ஒளிரும் வட்டத்தை அளந்தபோது அதுவும் 40 ஆகக் குறைந்தது. உள்ளே ஒரு வளையத்தைப் பொருத்தி விளிம்பை மறைத்திருந்தார்கள். மலிவான வில்லையின் விளிம்பில் உருவம் கலங்குவதை மறைக்க இது ஒரு வழி. மருமகனிடம் நான் இதைச் சொல்லவில்லை.

பார்வைப் பரப்பு குறைவது பலருக்குத் தெரியாத இழப்பு. நிலையான 8×42 கருவி ஒன்றில், 1000 மீற்றர் தூரத்தில் சுமார் 130 மீற்றர் அகலமான காட்சி கிடைக்கும். நிலையான 10×50 இல் 110 மீற்றருக்கு மேல். மலிவான சூம் கருவிகள் பலவற்றில், மிகக் குறைந்த 10 மடங்கிலேயே 65 மீற்றர் அளவுதான் கிடைக்கிறது. உருப்பெருக்கத்தைக் குறைத்தால் பரப்பு தாராளமாக விரியும் என்று எண்ணி வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார்; குழாய் ஒன்றினூடாக எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். நீருக்குள் மூழ்கிய நீர்க்காகம் வேறோர் இடத்தில் தலைகாட்டும்போது, அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மறுபடியும் மூழ்கிவிடும்.

கைநடுக்கத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 10 மடங்குக்கு மேல் பெரும்பாலானோரால் கையில் பிடித்து நிதானமாகப் பார்க்க முடியாது. உருவத்தோடு சேர்ந்து நடுக்கமும் பெருகுகிறது. துப்பாக்கிச் சுடும் போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கியில் வலுவை, அதாவது உருப்பெருக்கத்தை, மாற்றக்கூடிய தொலைநோக்கியைப் பொருத்திக்கொள்கிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய இலக்கு தெரிந்த தூரத்தில் அசையாமல் இருக்கிறது. பல போட்டிகளில் துப்பாக்கிக்குத் தாங்கலும் உண்டு. பார்ப்பதும் ஒற்றைக் குழாயினூடாக. இந்த மூன்றில் ஒன்றேனும் தோணிக்குள் இருந்து பறவை பார்ப்பவருக்கு வாய்ப்பதில்லை. வெயில் ஏறிய பின் வாவியின் மேலும் அறுவடை முடிந்த வயலின் மேலும் எழும் கானல் அலை வேறு. அந்நேரத்தில் 30 மடங்கு, அலையைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

ஒற்றைக் குழாய் என்றேன். மலிவான சூம் பைனாக்குலரின் ஆகப் பெரிய குறை இரண்டு குழாய்கள் இருப்பதில்தான் தொடங்குகிறது. வலுவை மாற்றும்போது இரு பார்வைத்துண்டுகளுக்குள்ளும் உள்ள வில்லைகள் ஒரே அளவில், ஒரே நேரத்தில் நகர வேண்டும். மலிவான கருவிகளில் இவ்விரண்டையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய தகட்டுப் பட்டி. அது சற்றே தளர்ந்தாலும் இடக்கண் 20 மடங்கிலும் வலக்கண் 21 மடங்கிலும் பார்க்க நேரிடும். அல்லது இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமராது. நமது மூளை சிறிய பிசகைச் சமாளித்துக்கொள்ளும் என்பதால் கடையில் பார்க்கும்போது குறை தெரியாது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பார்த்த பின் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். சோதனை எளிது. தூரத்துக் கூரையின் முகட்டையோ மின்கம்பியையோ பார்த்தபடி, கருவியைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தூரம்வரை விலக்குங்கள்; இரு வட்டங்களிலும் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குறைந்த வலு, நடுவலு, உயர்ந்த வலு என மூன்றிலும் இதைச் செய்யுங்கள். ஒன்றில் சரியாக இருந்து மற்றொன்றில் பிசகுவது சாதாரணம்.

வில்லைகளின் பூச்சைப் பற்றியும் ஒரு சொல். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பிவிடுகிறது. சூம் கருவியில் வில்லைகள் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். ‘பூச்சு உண்டு’ என்று மட்டும் எழுதியிருப்பதற்கும், எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று எழுதியிருப்பதற்கும் வேறுபாடு பெரிது. மாணிக்கச் சிவப்பில் மின்னும் முன்வில்லை அழகாக இருக்கும். அந்தச் சிவப்பு, உங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப் போகும் ஒளி. செம்பருந்தின் செம்மையை அது கொள்ளையிடும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையே குறைந்தது 15 மில்லிமீற்றர் தூரத்தில் முழுக் காட்சியும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான சூம் கருவிகளில் பெரும்பாலும் தெரியாது.

அடுத்தது நமது காற்று. கடலும் வாவியும் இருபுறமும் இருக்க நடுவே வாழும் நமக்கு, உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. நிலையான வலுக் கருவிகளை நைதரசன் நிரப்பி இறுக மூடிவிடலாம். சூம் கருவியிலோ வெளியே அசையும் சிறு தடி உள்ளே செல்லும் துவாரம் வேண்டும், அவ்வழியே ஈரமும் நுழையும். மாரி தொடங்கும்போது உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தவர், தைப்பொங்கலுக்குப் பின் எடுத்துப் பார்த்தால் வில்லையில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே பாதுகாப்பு.

இவ்வளவும் சொன்னதால் வலு மாற்றும் கருவியே வேண்டாம் என்று கொள்ளத் தேவையில்லை. கையில் பிடிப்பதற்கு நிலையான 8×42 ஒன்றை வாங்கிவிட்டு, பின்னர் பணம் சேரும்போது முக்காலியில் பொருத்தும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கிக்குப் போகலாம். குமண பறவைகள் சரணாலயத்தில், வில்லுகள் எனப்படும் நீர்நிலைகளின் ஓரத்தில் நின்று மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகளைப் பார்ப்பவருக்குச் சூம் அங்கேதான் உண்மையாக உதவுகிறது. அதிலும் 20–60×60 என்றால் 60 மடங்கில் ஒளிக்கற்றை 1 மில்லிமீற்றர் மட்டுமே. 20 இலிருந்து 35 வரையே அதன் நல்ல பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்காலிக்கு ஒதுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெலிந்த முக்காலி தானும் ஆடும், கருவியையும் ஆட்டும்.

மலிவான வில்லை எதிர்வெயிலைத் தாங்காது என்பதால் நிற்கும் இடமும் முக்கியம். வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது இதற்கு வசதி. காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள். மாலையில் மண்முனைப் பாலத்தைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். இரு வேளையும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.