சோலை மூஞ்சூற்றைக் கொல்லாமல் கணக்கெடுப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது டே மூஞ்சூறு (Suncus dayi). அங்கே மலை உச்சிகளின் பசுமைமாறாச் சோலைக்காடுகளில் வாழ்கிறது. எலிப்பொறி இதற்கு உதவாது. சில கிராமே எடையுள்ள உடல் பொறித்தட்டைப் பெரும்பாலும் அழுத்தாது. குழிப்பொறிதான் சரி: மண்ணில் புதைத்த வாளிக்குள் அது தானே விழும்.

வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மண்ணைத் தொடாதீர்கள். 30 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள வழவழப்பான வாளிகளை 5 மீட்டருக்கு ஒன்றாகப் புதையுங்கள். விளிம்பு தரைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்; துருத்தினால் மூஞ்சூறு சுற்றிப் போய்விடும். வாளிகளுக்கு நடுவே 30 செ.மீ. உயரத்துக்கு மூஞ்சூறை வாளிப்பக்கம் திருப்பும் பிளாஸ்டிக் தாள் வேலி, அதன் அடி 5 செ.மீ. மண்ணுக்குள். வாளியின் அடியில் சிறு துளைகள் வேண்டும். கனமழை என்றால் துளையும் போதாது, மூடிவிடுங்கள்.

சாவு பெரும்பாலும் பசியாலும் குளிராலும் வருகிறது. வாளிக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த சருகும் பத்துப் பதினைந்து மாவுப்புழுவும் போடுங்கள். இரவு முழுக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

வால் உடலைவிட நீளமா? டே மூஞ்சூறாக இருக்கலாம். முன்னங்காலில் நீண்ட நகங்களா? இலங்கை மலைகளிலும் உள்ள கெலார்ட் மூஞ்சூறாக இருக்கக்கூடும். எடை, வால் நீளம், படம் எடுத்ததும் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

பக்கத்துச் சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்பிலும் ஒரு வரிசை வையுங்கள்: தோப்பில் இது பிழைக்கிறதா என்பதுதான் பாதுகாப்புக்கு உண்மையில் உதவும் தகவல். முடிந்ததும் வாளிகளைப் பிடுங்கிக் குழிகளை மூடுங்கள். மறந்த வாளி தவளைகளையும் கொல்லும்.