பழைய நாவல்களுக்குத் திரும்பும் ஓராண்டுத் திட்டம்

ஓராண்டில் ஐம்பது நூல்கள் என்று இலக்கு வைப்பதைவிட, முன்பே படித்த நான்கு நாவல்களை மீண்டும் படிப்பதென முடிவு செய்வதே பயனுள்ள சவால் என்பது என் கருத்து. 1879இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', கொங்கு மண்ணின் பேச்சுமொழியைப் பாத்திரங்களுக்குக் கொடுத்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' ஆகிய இரண்டும் தொடக்கத்துக்கு ஏற்றவை. சேலத்துக்காரர்களுக்கு இரண்டாவது நூலின் பேச்சு அத்தனை அந்நியமாகவும் இராது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்ததால், ஒவ்வோர் அத்தியாயமும் வாசகரை அடுத்த வாரத்துக்கு இழுத்துச் செல்லும்படியே முடியும். முதல் வாசிப்பில் கதையின் வேகத்தில் தாண்டிய வருணனைகளை இப்போது நின்று படிக்கலாம். அதற்கு நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் போகாதிருப்பதே வழி.

நூலைத் திறக்குமுன், நினைவில் உள்ள கதையை அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். முடித்தபின் ஒப்பிட்டால், நாம் மறந்தவற்றைவிட நாமாகச் சேர்த்துக்கொண்டவையே வியப்பூட்டும்.

நான்காவது நாவல் உங்கள் விருப்பம். அதன் கடைசிப் பகுதியை ஏற்காட்டில் ஏரிக்கரையில் அமர்ந்து முடிக்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிடுங்கள், தலைசுற்றல் நிச்சயம்.