ஒரு பாம்பின் வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் நாமே சரிபார்ப்பது எப்படி?

பாம்பின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பயமுறுத்தும் வீடியோக்கள்தான். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, பிரேசிலின் பொன்னிற ஈட்டித்தலை விரியனை எடுத்துக்கொள்வோம். சாவோ பாவ்லோ கடற்கரைக்கு அப்பால் உள்ள கெய்மாடா கிராண்டே என்ற ஒரே தீவில் மட்டும் வாழும் இனம் இது. அங்கே இதை 'தீவு ஜராராகா' என்ற பொருளில் அழைக்கிறார்கள்; ஜராராகா என்பது பெருநிலத்தில் வாழும் ஒரு விரியன்.

படி 1: அறிவியல் பெயரை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்

போத்ராப்ஸ் இன்சுலாரிஸ் (அமரல், 1922). முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். பின்னால் இருப்பது விவரித்தவர் பெயரும் ஆண்டும். அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள், அது அழகுக்காகப் போட்டதல்ல. புட்டான்டன் நிறுவன ஆய்வாளர் அஃப்ரானியோ டோ அமரல் இதை முதலில் 'லாக்கெசிஸ் இன்சுலாரிஸ்' என்றுதான் விவரித்தார். பேரினம் பிறகு மாறியது. அப்படி மாறினால் விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகவேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. ஆகவே பழைய கட்டுரைகளைத் தேடும்போது பழைய பெயரையும் போட்டுப் பாருங்கள்.

படி 2: குடும்பத்தைப் படத்தில் பாருங்கள்

விரியன் குடும்பம், குழிவிரியன் துணைக்குடும்பம். தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்றைப் பெரிதாக்கினால் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே இன்னொரு துளை தெரியும். வெப்பத்தை உணரும் குழி அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குழிவிரியனுக்கும் உண்டு. கண்ணாடி விரியனுக்குக் கிடையாது.

படி 3: நெருங்கிய உறவைத் தேடுங்கள்

பெருநிலத்து ஜராராகாதான் சொந்தம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து தீவு துண்டிக்கப்பட்டது. பெருநிலத்துப் பாம்பு எலியைக் கடித்து விட்டுவிட்டு, வாசம் பிடித்துப் பின்னால் போகும். தீவில் வளர்ந்த பாம்புக்கு இரை பறவை, விட்டால் பறந்துவிடும். அதனால் வாயிலேயே கவ்விப் பிடித்துக்கொள்கிறது.

படி 4: சிவப்புப் பட்டியலுக்குப் போங்கள்

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியலில் இது 'மிக அருகிய இனம்'. காட்டிலிருந்து அற்றுப்போவதற்கு ஒரு படி முன்னே. ஆனால் தீவு சின்னது என்பதற்காக மட்டும் இந்த நிலை கொடுத்துவிட மாட்டார்கள். பரப்பை வைத்து மதிப்பிடும்போது, பரவியுள்ள எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழே, அல்லது உண்மையில் வசிக்கும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருக்கவேண்டும். இந்தத் தீவே வெறும் 43 ஹெக்டேர், அதாவது சுமார் 106 ஏக்கர்! அதோடு ஒரே இடத்தில் முடங்கியிருப்பது, தொடர்ந்து சரிவது போன்ற நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு பொருந்தவேண்டும். இங்கே ஒரே இடம் என்பதும் வாழிடம் கெட்டுவருவதும் பொருந்துகின்றன. தீவின் பெயரிலேயே 'எரிப்பு' இருக்கிறது: ஒருகாலத்தில் காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பிடித்து விற்பதும் நடக்கிறது. பொதுமக்கள் தீவில் இறங்கத் தடை உண்டு.

படி 5: எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

'சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு' என்று பல இடங்களில் படிப்பீர்கள். 43 ஹெக்டேர் என்பது 4,30,000 சதுர மீட்டர், அத்தனை பாம்பா? வழக்கமாகச் சொல்லப்படும் ஆய்வு மதிப்பீடு 2,000 முதல் 4,000 வரைதான்.

கொஞ்சம் பயிற்சி வேண்டுமா? அதே கடற்கரையின் அல்கட்ராஸஸ் தீவில் போத்ராப்ஸ் அல்கட்ராஸ் என்றொரு உறவுக்காரப் பாம்பு உண்டு. 2002-இல் மார்க்கெஸ், மார்டின்ஸ், சாசிமா மூவரும் விவரித்தார்கள். அவர்கள் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி இல்லை. ஏன் என்று படி 1-ஐப் பார்த்தால் தெரிந்துவிடும்.